எருசலேம் பயணத்தில் விடுபடும் மனிதர்கள்

அருட்தந்தை ஒருவரின் தலைமை, சுற்றுலா நிறுவனத்தின் பேருந்து, பத்து நாள் திட்டம். தமிழ்நாட்டுப் பங்குகளிலிருந்து எருசலேமுக்குப் புறப்படும் குழுக்களின் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. 2011-12இல் மாநில அரசு நிதியுதவி தொடங்கியது. பின்னர் அது நபருக்கு 37,000 ரூபாயாகவும் அருட்சகோதரிகளுக்கு 60,000 ரூபாயாகவும் உயர்ந்தது.

குழுவாகப் போவதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தனியே போக வசதியும் ஆங்கிலமும் உள்ளவர்கள். கணவரை இழந்த எழுபது வயது அம்மா ஒருவர் குடியேற்ற அதிகாரியின் கேள்விகளைத் தனியே சமாளித்து, பழைய நகரத்தின் கல்படிகளில் துணையில்லாமல் ஏறி இறங்க முடியாது. அவருக்குக் குழு ஒரு கை. அதைவிடப் பெரிய காரணம், ஜெபம் பலரோடு சேரும்போது பெறும் வலிமை. பெத்சதா குளத்தருகே சிலுவைப்போர்க் காலத்துப் புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. அங்கே பாடும் குரலைக் கல்சுவர்கள் வாங்கி, நீட்டித் திருப்பித் தருகின்றன. நாற்பது பேர் சேர்ந்து தமிழில் ஒரு மாதா பாடலைப் பாடும்போது, பாடத் தெரியாதவரின் குரலும் அதில் நனைந்து அழகாகிவிடுகிறது. தனிப் பயணி எவ்வளவு படித்திருந்தாலும் இது அவருக்குக் கிடைக்காது.

குறைகளில் எளிதாகக் கண்ணில் படுவது அவசரம். திருக்கல்லறை ஆலயத்தில் நெடுநேரம் வரிசையில் நின்று, கல்லறைக்குள் சில நொடிகள் மண்டியிட்டதும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். கூட்டத்தின் அளவைப் பார்த்தால் இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. சிலுவைப்பாதையில் வழிகாட்டிகள் “இதே இடத்தில்தான்” என்று அடித்துச் சொல்வதைத்தான் நான் ஏற்கவில்லை. இன்றைய பாதை பல நூற்றாண்டுப் பக்தி மரபில் உருவானது. இயேசு நடந்த தெரு இதுதான் என்று உறுதிசெய்யும் சான்று கிடையாது. இதைச் சொன்னால் விசுவாசம் குறையும் என்று அஞ்சுவது மக்களைச் சிறுபிள்ளைகளாக நடத்துவது. தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் அழுதபடி நடந்த வழி என்பதே அதற்குப் போதுமான புனிதம்.

என்னை உண்மையில் வருத்தும் குறை வேறு. இந்தப் பயணங்களில் அந்த ஊர்க் கிறிஸ்தவர்களை நாம் சந்திப்பதே இல்லை. பெத்லகேமில் இரவு தங்கும் குழுக்கள்கூட விடிந்ததும் பேருந்தேறிவிடுகின்றன. அங்கே நமக்குப் பழக்கமாகும் பாலஸ்தீனக் கிறிஸ்தவர் ஒலிவமரச் சிற்பம் விற்கும் கடைக்காரர் மட்டுமே. அவரிடமும் விலையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. சென்னையிலிருந்து விசாவோடு வருபவர் திருக்கல்லறைக்குப் போய்விடலாம். பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் பெத்லகேம்வாசியோ பாஸ்கா விழாவுக்கு எருசலேம் வர இஸ்ரேலிய அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பெத்லகேமை எருசலேமிலிருந்து பிரிக்கும், நம் பேருந்து கடந்துபோகும் உயர்ந்த கான்கிரீட் சுவரைப் பற்றி வழிகாட்டி பேசாவிட்டால் அருட்தந்தையாவது பேச வேண்டும்.

உள்ளூர்ச் சமூகம் இல்லாமல் போனால் புனித இடங்கள் அருங்காட்சியகங்களாகிவிடும் என்று 1974லேயே திருத்தந்தை ஆறாம் பவுல் எச்சரித்தார். ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று நம் கோயில்களிலும் புனித நாட்டுக்காகக் காணிக்கை எடுக்கிறார்கள். பணம் அனுப்பத் தெரிந்த நாம், நேரில் போனபோது அந்த மக்களை நலம் விசாரிக்காமல் திரும்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பின் பயணிகள் வரத்து அறுந்து, பெத்லகேமின் விடுதிகளும் சிற்பப் பட்டறைகளும் முடங்கின. அந்தக் குடும்பங்களில் ஒன்றையாவது பெயர் சொல்லி விசாரிக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதைச் சரிசெய்யக் கூடுதல் செலவு ஏதும் வேண்டாம். இயேசு பிறந்த குகைக்குப் பக்கத்திலுள்ள புனித கத்தரீன் ஆலயத்தில் பல குழுக்கள் கால் வைக்கின்றன. அது பெத்லகேம் கத்தோலிக்கரின் பங்குக் கோயில் என்பது பலருக்குத் தெரியாது. ஞாயிறு அன்று நமக்கென்று தனித் திருப்பலி ஏற்பாடு செய்வதற்குப் பதிலாக அங்குள்ள அரபுத் திருப்பலியில் பங்கேற்கலாம். மொழி புரியாவிட்டாலும் வழிபாட்டு முறை ஒன்றுதான். எப்போது எழ வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்று நம் பாட்டிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடிந்ததும் ஒரு மணி நேரம் பங்கு மக்களோடு உட்காரலாம். அதற்காகக் கடை ஒன்றையோ படகுச் சவாரியையோ விட்டுவிடலாம். முன்பணம் கட்டும் முன்பே இதைப் பயணத் திட்டத்தில் எழுதச் சொல்லி நிறுவனத்திடம் கேட்க வேண்டியவர், குழுவை அழைத்துப் போகும் அருட்தந்தைதான்.