பாட்டும் பந்தியும்

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெற்றுள்ள இடம் தனித்தன்மை வாய்ந்தது. ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரை மாணவர் குழப்பிக்கொள்வது இன்றும் உண்டு. பிள்ளை கத்தோலிக்கர், நீதித்துறையில் பணியாற்றியவர். சாஸ்திரியாரோ சுவார்ட்சு ஐயரிடம் பயின்ற சீர்திருத்தச் சபையார். இரண்டாம் சரபோசி மன்னரின் நட்பைப் பெற்றவர். லுத்தரன், மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன் என்னும் வேறுபாடின்றித் தமிழ்ச் சபைகள் அனைத்தும் இவருடைய கீர்த்தனைகளைப் பாடி வருகின்றன. சபைகளை ஒன்றுபடுத்திய புலவர் என்று இவரைப் போற்றுவோர் பலர். அப்போற்றுதலில் உண்மையுண்டு, ஆனால் அது பாதி உண்மையே.

1820களின் பிற்பகுதியில் தஞ்சைச் சபையில் ஒரு பெரும் பூசல் எழுந்தது. சுவார்ட்சு காலத்தில் வேளாளர் ஒருபுறமும் ‘பறையர்’ என அன்று குறிக்கப்பட்டோர் மறுபுறமுமாகக் கோயிலில் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்துப் பந்தியிலும் முன்னவர், பின்னவர் என்னும் முறை இருந்தது. பின்வந்த இளைய மிசனரிமார் இவ்வழக்கத்தை ஒழிக்க முற்பட்டனர். அதனை எதிர்த்த வேளாளர் தரப்பின் வலிமை மிக்க எழுத்தாளர் சாஸ்திரியாரே ஆவார். அவர் அடுக்கிய குறைகள் நான்கு: பழகிய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துகின்றனர், சாதியாரைக் கலந்து அமரச் செய்கின்றனர், பண்டிகை, பூ முதலிய வழக்கங்களை விலக்குகின்றனர், கோயிலில் தமிழிசையைத் தடுக்கின்றனர்.

இந்நான்கையும் ஒருசேரப் படிக்கும்போதுதான் சிக்கல் விளங்குகிறது. மூன்று குறைகளில் இன்றைய தமிழாசிரியர் எவரும் புலவர் பக்கமே நிற்பார். பண்ணும் தாளமும் அறியாத அயலார், தமிழன் தன் இறைவனைத் தன் இசையில் பாடுவதைக் குற்றமென்றது அறியாமையே. எஞ்சிய ஒன்றிலோ புலவர் பக்கம் நிற்க இயலாது. சாதி உலகியல் வழக்கமேயன்றிச் சமயத்தைச் சார்ந்ததன்று என்பது வேளாளர் வாதம். சமயத்தைச் சாராதது திருவிருந்துப் பந்தியில் ஏன் வந்து அமர்ந்தது என்ற வினாவுக்கு அவ்வாதத்தில் விடையில்லை.

பாராட்டுரை எழுதுவோர் இசைக்குறையை எடுத்துக்கொண்டு சாதிக்குறையை விட்டுவிடுகின்றனர். கண்டிப்போர் சாதிக்குறையைக் காட்டி இசைக்குறையை மறைக்கின்றனர். இருசாராரும் செய்வது ஒரே தவறு. சாஸ்திரியாரின் எண்ணத்தில் அவை நான்கும் ஒரே பொருள். ‘நம் வழக்கம்’ என்னும் ஒரு சொல்லில் கீர்த்தனையும் சாதியும் அடங்கின. பண்பாட்டுக் காப்பு என்ற பெயரில் எது காக்கப்படுகிறது என்று வினவக் கற்பிக்க இதனினும் சிறந்த பாடம் தமிழில் அரிது.

அவருடைய படைப்பே அவருக்கு எதிர்ச்சான்றாக நிற்பதையும் காணலாம். ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் தலைவி தேவமோகினி. குறவஞ்சி மரபுப்படி உயர்குலத் தலைவி தன் கையை நீட்ட, மலைக்குறத்தி அதனைப் பற்றிக் குறி சொல்வாள். தலைவியின் வாழ்வு இன்னதென அறிந்தவள் குறத்தியே. திருக்குற்றாலத்தில் இது இலக்கியச் சுவை. கிறித்தவக் காப்பியப் பொருளில், குறத்தி விசுவாசத்தின் உருவமாக வரும்போது, அது சமயக் கருத்தாகிவிடுகிறது. நூலில் கைதொட இசைந்த புலவர் கோயிலில் பாய் தொட இசையவில்லை. இலக்கிய வடிவம் சில வேளைகளில் அதனைக் கையாளும் புலவனைவிட முன்னே சென்றுவிடுகிறது.

பூசல் தஞ்சையோடு முடியவில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே கைவிடப்படவேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். பின்னர் வந்த லைப்சிக் லுத்தரன் மிசன், சாதியை ஆணையால் அன்றிப் போதனையால் மெல்லக் கரைக்க வேண்டும் என்னும் கொள்கையுடையது. விலகியோரில் பலர் அதன் நிழலில் ஒதுங்கினர். இவ்வாறு சாதிப் பூசலொன்று சபைப் பிரிவின் எல்லைக்கோடாகவும் உருமாறியது. தமிழ் லுத்தரன் சபை 1919இல் தன்னாட்சி பெற்றது. அதே ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில், பேராயர் அசரியா உள்ளிட்ட ஊழியர்கள் கூடித் திருச்சபை ஒன்றிப்புக்கு அடிகோலினர். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தமிழ் லுத்தரன் சபை அதில் இணையவில்லை. அதற்குக் கோட்பாட்டுக் காரணங்களும் இருந்தன. சாதியொன்றையே காரணமாக்குவது நேர்மையன்று.

பொந்தியானில் பிறந்து வளரும் தமிழ் மாணவனுக்குத் தஞ்சைக் கோயிலின் பாய்ப் பிரிவினை எட்டாத் தொலைவுச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர் தம்மோடு சபைப் பெயர்களையும் கொண்டுவந்தனர். மெதடிஸ்டு, லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர் என்னும் பெயர்களுக்குப் பின்னால், சீர்திருத்தக் கால ஐரோப்பாவின் வழக்கோடு தஞ்சாவூரின் வழக்கும் சிறிதளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மொழியிலும் இப்பிளவின் தடம் உண்டு. பவர் ஐயர் தலைமையில் 1871இல் வெளிவந்த ‘ஐக்கிய’ மொழிபெயர்ப்பு பெயரளவில் ஐக்கியம். லுத்தரன்மார் பெப்ரீசியசின் பழைய மொழிபெயர்ப்பையே நெடுங்காலம் விடாது பற்றினர். ஒருவர் ‘இயேசு’ என்றார்; மற்றொருவர் ‘சேசு’ என்றார். கத்தோலிக்கரும் பிறரும் கூடி உருவாக்கிய ‘திருவிவிலியம்’ 1995இல்தான் வெளிவந்தது. அதன் பின்னும் சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலானவை பழைய நூலையே கையிலேந்துகின்றன.

கத்தோலிக்கர் நிலையும் வேறன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் காணாதபடி பீடத்தில் மட்டும் கூடும் இரு கூடங்களாக 1872இல் கோயில் எழுந்தது. நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. சுவரை மீண்டும் வேண்டிச் சாதியார் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஒரே பீடத்தை நோக்கி ஒரே வழிபாட்டை நடத்திய இரு கூட்டத்தார், அந்த ஒருமையைக் காட்டிலும் சுவரையே தம் உரிமையாகக் கருதினர் என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

சுவரில்லாத கோயிலிலும் சாதி எவ்வாறு குடியிருக்கும் என்பதைத் தமிழில் ஆழமாக உணர்த்திய நூல் பாமாவின் ‘கருக்கு’ (1992). துறவற மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியையே கண்டு வெளியேறிய ஒருத்தியின் தன்வரலாறு அது. சாஸ்திரியாரின் குறைமுறையீட்டுக்கு இணையாகத் தஞ்சைக் கோயிலின் மறுபக்கத்திலிருந்து எழுதப்பட்ட நூலெதுவும் வகுப்பறைக்கு வந்ததில்லை. அப்பக்கத்துக் குரல் இலக்கியமாகச் செவிக்கெட்ட ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வந்தபோது அது கீர்த்தனையாக வரவில்லை, செந்தமிழாகவும் வரவில்லை, ஊர்ப்பேச்சாக வந்தது. அந்நடையைக் கொச்சையென ஒதுக்கிய தமிழாசிரியர்களும் இருந்தனர். அவர்கள் காக்க முற்பட்டதும் ‘நம் வழக்க’த்தையே.