உப்பைக் கரைக்காத பெட்ரோல்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளுக்குள் புகுந்தது வெறும் மழைநீர் அன்று. எண்ணெய்க் கழிவும் அதனுடன் கலந்து வந்து சுவர்களில் கறுப்புக் கோடிட்டுச் சென்றது. நனைந்துபோன தொலைக்காட்சியையும் வாஷிங் மெஷினையும் மீட்பது எப்படி என்று அக்கம்பக்கத்தார் வாய்மொழியாகவும் கைப்பேசி வழியாகவும் உலவும் யோசனைகள் பல. அவற்றைச் சற்று உரசிப் பார்ப்போம். புதிதாக வாங்க வழியில்லாதவரே இவற்றை நம்பிச் செய்கிறார். ஆகையால் சும்மா விட்டுவிட இயலாது.

முதல் யோசனை: “மின்சுற்றுப் பலகைக்குத் தண்ணீர் ஆகாது, பெட்ரோலில் பஞ்சை நனைத்துத் துடை.” கேட்கச் சரியாகவே தோன்றும். ஆனால் பலகையைக் கெடுப்பது தண்ணீர் மட்டுமா? தண்ணீர் காய்ந்த பின்னும் தங்கிவிடும் உப்பு அன்றோ உண்மையான பகை! சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டியதும் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 சதவீதத்திலேயே கசியும். சென்னைக் கடற்கரையில் அவ்வளவு வறண்ட காற்று எங்கே கிடைக்கும்? வெள்ளமே எட்டாத ராயபுரம், காசிமேட்டு வீடுகளில்கூடக் கடற்காற்று இந்த வேலையைச் செய்கிறது. ஈர உப்பின்மீது மின்சாரம் பாய்ந்தால் மின்பகுப்பு நிகழ்ந்து செப்புக் கோடுகள் அரிக்கப்படும். பலகையில் பச்சைப் பூச்சு தெரிந்தால் அதுதான் அடையாளம்.

இந்த உப்பைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும், பெட்ரோலில் கரையாது. மேலும் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறை அடுப்பைச் சென்று தொடக்கூடியது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: எண்ணூரில் படிந்த எண்ணெயைப் பெட்ரோல் கரைக்கும். அதற்கும் பாத்திரம் துலக்கும் சோப்புநீரில் இரண்டு சொட்டும் மென்மையான பல்துலக்கியும் போதுமே. தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியன பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். அந்நாள் வானொலி மெக்கானிக்குகள் கையாண்ட கார்பன் டெட்ராகுளோரைடு ஈரலுக்கு நஞ்சு.

அரிசிப் பானை யோசனையும் இதே குற்றம் உடையது. ஈரம் கொஞ்சம் போனாலும் உப்பு அங்கேயே இருக்கிறது. அரிசித் தூள் வேறு சேர்கிறது.

“ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்” என்பது படித்தவர் கூற்று. இது பாதி சரி. ரிச்சி தெருவில் விற்கும் இந்தத் திரவம் பற்றவைப்பு மெழுகையும் பிசுக்கையும் நீக்கும். உப்பை ஏறக்குறைய நீக்காது. எனவே வரிசைதான் முக்கியம். முதலில் பாட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீரால் உப்பைக் கழுவ வேண்டும். பிறகு எஞ்சிய நீரை ஆல்கஹாலால் விரட்ட வேண்டும். அதன்பின் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாளாவது உலர விட வேண்டும். மழைக்காலமாயின் இன்னும் ஒரு நாள். திரை, ஒலிபெருக்கி, ரிலே, மின்மாற்றி இவற்றைக் கழுவலாகாது. ஆல்கஹாலும் 12 பாகை செல்சியசிலேயே தீப்பற்றும் ஆவியை எழுப்புவது. அதைப் பாதுகாப்பானது என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்து வையுங்கள். கை கழுவும் சானிடைசர் வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் உண்டு, அது ஈரத்தை இழுக்கும்.

எல்லாவற்றிலும் மோசமான யோசனை, “மின்தேக்கியின் இரு முனைகளையும் ஸ்குரூடிரைவரால் தொட்டுவிட்டால் ஆபத்தில்லை” என்பது. 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைத் திருத்தினால் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது மின்தேக்கியில் தங்கியிருக்கலாம். ஸ்குரூடிரைவர் பட்டதும் பொறி பறக்கும், உலோகத் துளி கண்ணில் தெறிக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் மின்னழுத்தம் 2000 வோல்ட்டையும் தாண்டும். இதனையும் பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியையும் வீட்டில் திறக்கவே கூடாது. வீட்டில் கழுவத் தக்கவை பாட்டரியில் ஓடும் வானொலி, ரிமோட், கணக்குப்பொறி போன்றவைதாம், அதுவும் பாட்டரியைக் கழற்றிய பிறகே. உப்புநீரில் ஊறிய லித்தியம் பாட்டரியை மறுபடி சார்ஜ் செய்யாமல், வீட்டுக்கு வெளியே, தீப்பற்றும் பொருள் இல்லாத இடத்தில் வையுங்கள்.