பக்திக்கு கிரேஸ் மார்க் உண்டா?

அமெரிக்க கவர்னர் என்றதும் நம் ராஜ்பவனை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கவர்னர்தான் முதலமைச்சர். மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர். பட்ஜெட் போடுகிறவர், வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறவர். அவரை எடைபோட அந்த ஊர் ஜனங்களிடம் இரண்டு தராசு உண்டு. சர்ச்சில் எப்படி, கஜானாவில் எப்படி? இரண்டும் இருப்பதில் தப்பில்லை. ஒரு தராசில் நிறுத்ததை இன்னொன்றின் கணக்கில் எழுதும்போதுதான் வம்பு.

கான்சாஸ் மாநிலத்தின் சாம் பிரவுன்பேக் கதையைப் பாருங்கள். 2011 ஜனவரியில் கவர்னரானவர். 2002-ல் கத்தோலிக்கராக மாறியவர். அந்த பக்தியை வேஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. செனட்டராக இருந்தபோது, கொள்கையில் எதிர்த் துருவமான பால் வெல்ஸ்டோனோடு கைகோத்து, ஆள்கடத்தலுக்கு எதிரான 2000-ம் ஆண்டுச் சட்டத்துக்காக உழைத்தவர். 2011 ஆகஸ்டில் டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரி ஹூஸ்டனில் மாபெரும் பிரார்த்தனைக் கூட்டம் போட்டு, மற்ற மாநில கவர்னர்களையெல்லாம் அழைத்தார். நேரில் போன ஒரே கவர்னர் பிரவுன்பேக்தான்.

சரி, கஜானா?

2012 மே மாதம் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உச்ச வருமான வரி 6.45 சதவீதத்திலிருந்து 4.9-க்கு இறங்கியது. எல்.எல்.சி. மாதிரியான நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கு அதில் வரும் வருமானத்துக்கு மாநில வரி பூஜ்யம். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வரி கட்டணும். முதலாளி கட்ட வேண்டாம். கான்சாஸ் பொருளாதாரத்தின் இதயத்தில் போடும் அட்ரினலின் ஊசி என்று இதை வர்ணித்தார் பிரவுன்பேக். வரியைக் குறைத்தால் தொழில் பெருகும், வேலை பெருகும் என்பது கணக்கு.

நடந்தது என்ன? 2014 நிதியாண்டில் மாநிலத்தின் பொது வருவாய் முந்தைய ஆண்டைவிட சுமார் 70 கோடி டாலர் குறைந்தது. கடன் தர மதிப்பீடு சரிந்தது. நெடுஞ்சாலைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். 2015-ல் சில பள்ளிக்கூடங்கள் காசில்லாமல் கோடை லீவை முன்கூட்டியே விட்டன. வேலைவாய்ப்பு வளர்ந்த வேகத்தில் கான்சாஸ், தேசிய சராசரிக்கு வெகுவாகப் பின்தங்கியது.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அந்த வருஷங்களில் எண்ணெய் விலை விழுந்தது, தானிய விலை விழுந்தது. கவர்னர் என்ன செய்வார்? நல்ல வாதம்தான். ஆனால், அதே சோளம் விளைகிற, அதே விலை வீழ்ச்சியைப் பார்த்த பக்கத்து வீட்டு நெப்ராஸ்கா, வருமான வரியில் இப்படிக் கை வைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை முன்கூட்டி மூடும் நிலைக்கும் வரவில்லை. ஒரு கவர்னரின் பொருளாதாரத்தை அளக்க இதுதான் வழி: அவர் பேச்சை விட்டுவிட்டு, அண்டை மாநிலத்தைப் பாருங்கள்.

இத்தனைக்கும் நடுவில் 2014-ல் அவர் மறுபடி ஜெயித்தார், சுமார் 4 சதவீத வித்தியாசத்தில். எல்லோரும் பக்திக்காகத்தான் போட்டார்கள் என்று சொல்லமாட்டேன். கருக்கலைப்பு விஷயத்தில் 'நம்ம ஆள்' என்று நம்பிப் போட்டவர்கள் கணிசம். அவர்களுடைய உரிமை அது. ஆனால் அந்த ஓட்டு, பட்ஜெட் தேர்வில் பாஸ் மார்க்காக எண்ணப்பட்டுவிட்டது. எதிர்த்தவர்களில் சிலரும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பட்ஜெட் ஓட்டையைக் காட்டுவதற்குப் பதில், அவர் ஜெபம் பண்ணுவதைக் கேலி செய்தார்கள். கேலி கேட்ட பக்தர் என்ன செய்வார்? இன்னும் இறுக்கமாக அவர் பின்னால் போய் நிற்பார்.

அமெரிக்க அரசியல் சட்டத்தின் 6-வது ஷரத்து, அரசுப் பதவிக்கு மதத் தேர்வு கூடாது என்கிறது. மதத்துக்காக யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்பது அதன் பொருள். மதத்துக்காக கிரேஸ் மார்க்கும் கிடையாது என்பதை வாக்காளர்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உண்மையில் அந்த பட்ஜெட்டில் இருந்தது வேறொரு மதம். அதன் குருநாதர், வரிக்குறைப்பு ஆலோசனை சொல்ல வரவழைக்கப்பட்ட பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர். வருமானம் குறையக் குறைய, 'இன்னும் கொஞ்சம் பொறுங்கள்' என்பதே பதில். எந்தக் கணக்கு வந்தாலும் அசையாத நம்பிக்கை கோயிலில் இருக்கலாம். கஜானாவில் இருந்தால் ஆபத்து.

2017 ஜூனில் சொந்தக் கட்சிக்காரர்கள் பலரே எதிரணியோடு சேர்ந்து, அவருடைய வீட்டோவை மீறி அந்த வரிச் சலுகைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2018-ல் பிரவுன்பேக் பதவி விலகி, உலக மதச் சுதந்திரத்துக்கான அமெரிக்கத் தூதரானார். அவருக்குப் பொருத்தமான வேலைதான்!

இதில் ஒரு விஷயம்தான் மனசை உறுத்துகிறது. 2015-ல், விழுந்த துண்டை மறைக்க விற்பனை வரியை 6.15-லிருந்து 6.5 சதவீதமாக்கினார்கள். மளிகைச் சாமானுக்கும் சேர்த்துத்தான். முதலாளிக்கு விட்டுக்கொடுத்ததில் ஒரு பகுதி, ஏழையின் தட்டிலிருந்து வசூலானது. மளிகை மீதான மாநில வரி முழுசாகப் போக 2025 ஜனவரி வரை ஆயிற்று. அன்றாட ரொட்டிக்காக ஆண்டவரிடம் வேண்டிக்கொள்ளும் ஊரில், அந்த ரொட்டிக்கு வரியைக் கூட்டியவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதானே? அதைக் கேட்க நாத்திகராக இருக்கவேண்டியதில்லை. நல்ல பக்தராக இருந்தாலே போதும்.