குழலைப் பார்க்காதீங்க!

சிங்கப்பூர் போனால் முஸ்தபா கடைக்குப் போவீங்க, செந்தோசாவுக்கும் போவீங்க. விமானம் இறங்குகிற சாங்கியிலேயே ஒரு பெரிய பீரங்கி இருக்கிறது. ஜொகூர் பேட்டரி என்று பேர். அதை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. பார்க்கிறவர்களும் ஒரு கதையோடுதான் திரும்புகிறார்கள்: 'பீரங்கியெல்லாம் கடலைப் பார்த்து நின்னுச்சாம், ஜப்பான்காரன் பின்வாசல் வழியா வந்துட்டானாம்!'

நல்ல கதைதான். ஆனால், கணக்கு உதைக்கிறதே!

ஜொகூர் சுல்தான் கொடுத்த நன்கொடையால் வந்த பெயர் அது. இங்கே 15 அங்குல பீரங்கிகள் மூன்று இருந்தன. ஒரு குண்டு சுமார் 880 கிலோ. மூன்றில் இரண்டை வடக்குப் பக்கம் திருப்ப முடியும். 1942 பிப்ரவரியில் திருப்பிச் சுட்டும் இருக்கிறார்கள். கோளாறு குண்டில். கையிருப்பில் இருந்தவை கப்பலின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்கானவை. தரையில் பரவி வருகிற காலாட்படையின் மேல் அதைப் போட்டால், மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். நான் பி.காம். படித்தவன். இதை திசைத் தப்பு என்று எழுத மாட்டேன், ஸ்டாக் தப்பு!

பின்வாங்கும்போது பிரிட்டிஷ்காரர்களே அவற்றைச் செயலிழக்க வைத்தார்கள். பூமிக்கடியில் இருந்த குண்டுக் கிடங்குச் சுரங்கங்களை எல்லோரும் மறந்தே போனார்கள். 1991-ல் சிறைத்துறைதான் மறுபடி கண்டுபிடித்தது. 2002-ல் மேலே ஒரு பீரங்கி வைத்தார்கள். அது நகல். அசல், உங்கள் காலுக்குக் கீழே!

என் வருத்தம் இங்கேதான். பிரமாண்டமான குழலை நிறுத்தினால், 'இது எந்தப் பக்கம் பார்க்குது?' என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். பழைய பொய்க்கு நாமே புது சாட்சி செய்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

செந்தோசாவின் சிலோசோ கோட்டை இந்த விஷயத்தில் பரவாயில்லை. 2022-ல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். சரணடைகிற காட்சிக்கு மெழுகு பொம்மைகள் உண்டு. அது கொஞ்சம் பொருட்காட்சி ரகம். ஆனால், சுரங்கத்துக்குள் நடக்கலாம். குண்டு எங்கே இருந்தது, எப்படி மேலே போனது என்று புரிகிறது.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தபோது பிடிபட்டவர்களில் பல்லாயிரம் பேர் இந்தியச் சிப்பாய்கள். பீரங்கி திசை மாறி நின்றது என்றால், பழி யாரோ ஒரு இன்ஜினியரோடு முடிந்துவிடும். குண்டு சரியில்லை என்றால், ஆர்டரில் கையெழுத்துப் போட்டது யார் என்று மேலிடம் வரை கேட்க வேண்டி வரும்.

அடுத்த முறை போனால் குழலோடு நின்று போட்டோ எடுத்துக்குங்க, வேண்டாம்னு சொல்லலை. அப்புறம் கொஞ்சம் குனிந்து தரையையும் பாருங்க.