மஞ்சள் கேள்விக்குறி

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடை. கல்லூரிச் சேர்க்கைக் காலம். இ-சேவையில் வந்த வருமானச் சான்றைத் திறந்து பார்த்த மாணவி, கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரிவதைக் காட்டி, "அண்ணா, இது செல்லாதா?" என்று கேட்டாள். கடைக்காரர் மவுஸை நான்கைந்து முறை சொடுக்கினார். கேள்விக்குறி போய்ப் பச்சை டிக் வந்தது. "இப்ப செல்லும்மா" என்றார்.

அவர்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆதார் ஆணையமே தன் மின்-ஆதாருக்கு இப்படித்தான் வழிகாட்டியிருக்கிறது: கையெழுத்தின் மேல் வலது கிளிக் செய்யுங்கள், கையெழுத்திட்டவர் யார் எனச் சொல்லும் மின் சான்றைத் திறவுங்கள், அதை நம்பகமானவர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஆனால் அந்தச் சொடுக்குகளில் நடந்தது என்ன? கையெழுத்திட்டவர் யார் என்பது சரிபார்க்கப்படவில்லை. 'இவரை இனி நம்பு' என்று கணினிக்கு உத்தரவு போடப்பட்டது, அவ்வளவுதான். யாரோ வீட்டில் தயாரித்த போலிச் சான்றால் கையெழுத்திட்ட கோப்புக்கும் இதே சொடுக்குகள் போதும். அதே பச்சை டிக் வரும்.

மின் கையெழுத்தே வீண் என்று நான் வாதிட வரவில்லை. வட்ட முத்திரையையும் பச்சை மைக் கையெழுத்தையும் நம்பியிருந்த காலத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யத் தெரிந்த எவராலும் தாசில்தார் ஆகிவிட முடிந்தது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின் கையெழுத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. மின் கையெழுத்துப் போடத் தேவையான தாசில்தாரின் ரகசியச் சாவி யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. கையெழுத்துக்குப் பின் வருமானத் தொகையில் ஒரு சுழியம் கூடினாலும் கையெழுத்தைச் சரிபார்க்கும் கணக்கு ஒத்துப்போகாது. இன்று பயன்படும் இந்தக் கணிதத்தை யாரும் நேருக்கு நேர் உடைத்ததாகத் தெரியவில்லை. பெரும்பாலும் உடைவது அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் மென்பொருள்தான்.

ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 பி.டி.எஃப். மென்பொருள்களைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 21இல் கையெழுத்துச் சரிபார்ப்பை ஏமாற்ற முடிந்தது. அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று நம் ஊர்ப் பத்திரப் பதிவை அறிந்தவர்களுக்கு உடனே புரியும். பத்திரத்தின் ஒவ்வொரு தாளிலும் 'மொத்தம் இத்தனை தாள், இது இத்தனையாவது' என்று எழுதுகிறார்கள். பின்னால் ஒரு தாளைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். பி.டி.எஃப். கோப்பிலோ, கையெழுத்தான பகுதியைத் தொடாமல் அதன் கடைசியில் புதிதாகச் சேர்க்க வழி உண்டு. மென்பொருள் பழைய பகுதியைச் சரிபார்த்து டிக் போட்டது. திரையில் காட்டியதோ புதிதாகச் செருகிய பக்கத்தை. நம் சார்பதிவாளர் அலுவலகம் எப்போதோ அடைத்த ஓட்டை அது. ஆய்வாளர்கள் சொன்ன பிறகே நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன. மென்பொருளைப் புதுப்பிக்காத கணினிகளில் அந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் திருத்திய பிழை ஒன்று: ஐபோன், மேக் கருவிகளில், நிரலின் ஒரு வரி தவறுதலாக இருமுறை இடம்பெற்றதால், இணையதளத்தின் கையெழுத்தைச் சோதிக்கும் முக்கியமான படியே விட்டுப்போயிருந்தது. 2020 ஜனவரியில் விண்டோஸ் திருத்திக்கொண்ட பிழை இன்னும் மோசம்: சான்றிலிருந்த கணித அளவுருக்களை முழுவதும் ஒப்பிடாததால், நம்பகமான நிறுவனம் கையெழுத்திட்டதுபோன்ற போலிச் சான்றையும் அது ஏற்றது.

நமக்கு நெருங்கிய பாடம் 2014 ஜூலையில் கிடைத்தது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்று வழங்கும் நடைமுறை ஊடுருவப்பட்டு, கூகுள், யாஹூ தளங்களின் பெயரில் போலிச் சான்றுகள் வெளியாகியிருந்தன. ஜூலை 2 அன்று கூகுள் கண்டுபிடித்தது. மறுநாளே இந்தியச் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளர் மற்றச் சான்றுகளை வழங்க அந்த மையம் பயன்படுத்திய இடைநிலைச் சான்றுகளை ரத்து செய்தார். அவற்றுக்கெல்லாம் மூலமான இந்திய வேர்ச் சான்றை விண்டோஸ் நம்பியதால் அதன் பட்டியலைப் பின்பற்றிய மென்பொருள்கள் ஆபத்தில் இருந்தன. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸுக்குப் பாதிப்பில்லை. ஒரே நாளில் ரத்து செய்ய முடிந்தது இந்த ஏற்பாட்டின் பலம், மறுக்க மாட்டேன்.

அந்தப் பலத்தைத்தான் நம் சொடுக்குகள் பறிக்கின்றன. மின்-ஆதாருக்காக மக்களை நம்பச் சொன்னதும் அதே மையத்தின் சான்றைத்தான். நாமே கையால் நம்பிக்கைப் பட்டியலில் ஏற்றிய சான்று பிறகு ரத்தானதா என்று பி.டி.எஃப். கோப்பைத் திறக்கும் அடோபி மென்பொருள் விசாரிப்பதில்லை. நாம் சொன்ன பிறகு அதற்கு ஐயமில்லை. மஞ்சள் கேள்விக்குறி உண்மையில் நேர்மையானது. 'இவரை எனக்குத் தெரியாது' என்கிறது. அதைத் துடைக்கக் கற்றுத் தருவதுதான் என் பார்வையில் இந்த நடைமுறையின் மிகப் பெரிய பிழை. ஆய்வகத்தில் கண்ட ஓட்டைகள் இரண்டாம்பட்சம்.

அச்செடுத்த தாளிலோ மின் கையெழுத்தே இல்லை, அதன் படம் மட்டுமே இருக்கிறது. டிக் குறியை எவரும் வரைந்துவிடலாம். இணைய முகவரியை மட்டும் சுமக்கும் கியூஆர் குறியும் போலித் தளத்துக்கு இட்டுச் செல்லக்கூடும். ஆதாரின் பாதுகாப்பான கியூஆரில் தகவலோடு ஆணையத்தின் மின் கையெழுத்தும் உள்ளேயே இருப்பதால் இணையம் இல்லாமலும் சோதிக்கலாம். வருவாய்த் துறைச் சான்றுகள் எல்லாவற்றுக்கும் அது வர வேண்டும். இந்திய வேர்ச் சான்றை ஆவண மென்பொருள்கள் தாமாகவே அறியும்படி செய்வது அரசின் வேலை. ஜெராக்ஸ் கடைக்காரரின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

அதுவரை, சேர்க்கை நடத்தும் கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாணவி நீட்டும் தாளில் பச்சை டிக்கைத் தேடாதீர்கள். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து, சான்றிதழ் எண்ணைப் போட்டு, அங்கே வரும் பெயரையும் தொகையையும் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.