மூடும் குறியின் மரியாதை

இணையதளத்தில் திடீரென முளைக்கும் பாப்-அப் பெட்டியை ரசிக்க முடியுமா? சிலவற்றை முடியும். 1990-களின் பிற்பகுதியில் டிரைபாட் நிறுவனத்தில் இருந்தபோது பாப்-அப் விளம்பரத்துக்கான நிரலை எழுதிய ஈதன் ஜுக்கர்மேன், 2014-ல் பகிரங்கமாக மன்னிப்பே கேட்டுவிட்டார். பெட்டி என்னவோ போகவில்லை. ஆனால் சில கைகாரர்களிடம் அது நாகரிகம் கற்றிருக்கிறது.

நல்ல பெட்டிக்கு நேரம் தெரியும். பக்கம் திறந்ததும் மேலே விழாது. பாதியாவது படிக்க விடும். கணினியில் சுட்டி முகவரிப் பட்டையை நோக்கி ஏறும்போது, ஆள் கிளம்பப் போகிறார் என்று ஊகித்து அப்போதுதான் வாய் திறக்கும். கேட்பது மின்னஞ்சல் முகவரி மட்டும். ஒருமுறை மூடினால் குக்கீயில் குறித்துக்கொண்டு சில வாரம் தலைகாட்டாது.

எனக்குப் பிடித்தது பெட்டியை மூடும் அந்தப் பெருக்கல் குறிதான். வலது மேல் மூலையில், பின்னணியில் கரைந்துபோகாத நிறத்தில், விரல் தவறாத அளவில் இருக்க வேண்டும். 2023-ல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 அணுகல் நெறிமுறை 24-க்கு 24 பிக்சலாவது கேட்கிறது. என் கட்டைவிரலுக்கு அதுவே சிறிசு. எஸ்கேப் விசைக்கும் மூடினால் இன்னும் அழகு.

'வேண்டாம், எனக்குப் பணம் மிச்சமாவது பிடிக்காது' என்று மறுப்பவர் வாயில் வசனம் திணிக்கும் பொத்தான் சாமர்த்தியமல்ல, அற்பத்தனம். 'வேண்டாம்' என்ற ஒரு சொல் போதுமே!

தேடலிலிருந்து வருபவரின் கைபேசித் திரையை மறித்துக்கொண்டு நிற்கும் பக்கங்கள் தரவரிசையில் இறங்கக்கூடும் என்பது 2017 ஜனவரி முதல் கூகுளின் விதி. மரியாதை தெரியாதவர்களுக்கு அந்தப் பயமாவது இருக்கட்டும்.