பெனாங்கலானுக்கு எத்தனை மதிப்பெண்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்துக்குப் பேய் பூதம் படைக்கிறவர் முதலில் கேட்பது, ஆடுபவர்களால் இதைச் சமாளிக்க முடியுமா என்பதைத்தான். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் 2014 பதிப்பு இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உயிர்ப்புள்ளியும் கவசமும் சேர்ந்து தற்காப்பு மதிப்பு. மூன்று சுற்றுகளில் அது செய்யும் சேதமும் குறியும் சேர்ந்து தாக்குதல் மதிப்பு. இரண்டின் சராசரிதான் பூதத்தின் தரம்.

இந்தக் கணக்கில் பெனாங்கலானை நிறுத்திப் பார்ப்போம். தலை மட்டும் குடல் தொங்கப் பறந்து, பிள்ளை பெற்ற வீட்டைத் தேடி வரும் மலாய்ப் பேய் அது. 1981-இலேயே 'ஃபீண்ட் ஃபோலியோ' பூதத் தொகுப்பில் ஏறிவிட்டது. மலேசியாவின் லுக்குட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றைக் களமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடுபவர்கள் பால்மரம் வெட்டுபவர், கங்காணி, ஆயா, மருத்துவச்சி. பட்டை சீவும் கத்தியை வைத்துக்கொண்டு எண்படி அவர்கள் தோற்றாக வேண்டும். ஆனால் மலாய்க் கம்பத்து (கிராமத்து) வழக்கப்படி, இருட்டுவதற்குள் மெங்குவாங் தாழையின் முள்ளோலையை வெட்டி வந்து சன்னலில் செருகிவிட்டால், குடல் சிக்கிவிடும் என்ற பயத்தில் பேய் உள்ளே வராது. சராசரி எண்ணில் இந்த முள்ளுக்கு இடமே இல்லை. எண் மட்டுமே சமநிலை ஆகாது என்பதற்கு நம் ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள்: மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு. தனி ஆடு பலியாகும், சேர்ந்து நின்றால் புலிக்கு நகரக் கட்டமில்லை. சமநிலை அங்கே கட்டத்தில் இருக்கிறது.

அதற்காக எந்தப் பலவீனமும் போதும் என்றாகிவிடாது. அதே ஆட்டத்தின் 1977 பூதத் தொகுப்பில் ராட்சசன், மதகுரு ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவான். நம் கதைகளை அறிந்த எவரும் இதை ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாத பலவீனம் ஆடுபவருக்கு உதவாது.

எண்ணே வேண்டாம் என்பவர்களும் உண்டு. போர்ட்டிக்சனில் வாழும் எழுத்தாளர் செடெக் சியூ, ஓவியர் முன் காவோவுடன் உருவாக்கிய 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' நூல்கள் எந்த ஆட்டவிதிக்கும் கட்டுப்படாதவை. அவற்றில் உயிர்களுக்கு ஊரும் வழக்கமும் ஆசையும் இருக்கின்றன. தென்கிழக்காசியப் பூதங்களை இவ்வளவு மரியாதையோடு எழுதியவர்கள் குறைவு. ஆனாலும் சமநிலை பார்க்கும் சுமை முழுவதும் ஆட்டத்தை நடத்துபவர் தலையில் விழுகிறது. புதியவர் கையில் முதல் இரவிலேயே அத்தனை பேரும் செத்துப்போகலாம்.

என் தீர்ப்பு இது: பூதத்தின் ஆசையையும் பலவீனத்தையும் முதலில் எழுதுங்கள். அந்தப் பலவீனம் மருத்துவச்சி வாயிலும், பக்கத்துக் கம்பத்துக் கிழவி வாயிலும், சன்னலில் காய்ந்து தொங்கும் பழைய ஓலையிலும் கிடைக்கட்டும். எண்ணைக் கடைசியில் போடுங்கள், பலவீனத்தைக் கண்டுபிடிக்கத் தவறியவர் தப்பி ஓட வழி இருக்கிறதா என்று பார்க்க மட்டும். தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டிக்கு மட்டும் எண் போடாதீர்கள். அவர் காவல் தெய்வம், வெட்டி வீழ்த்த வேண்டிய பூதமல்ல.